பச்சை ரோஜா கேட்டு வந்தவர்கள்

ஜூன் 3

தம்பிக்கு,

நீ போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஐந்து முறை அடித்துப் பார்த்துவிட்டேன். உன் அண்ணன் அடித்தால் மட்டும் எடுத்து, "வேலையா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாயாம். சரி, கடிதமே எழுதுகிறேன். போனைப் பாதியில் வைத்தால் பேச்சு அத்தோடு போச்சு. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி மேசைமேல் உட்கார்ந்து உன்னையே முறைத்துக்கொண்டிருக்கும்.

முதலில் சண்டையை முடித்துக்கொள்வோம். நீ சுவரில் வரைந்த ரோஜாவைப் பார்த்து, செடி வாங்க வந்தவர்கள் முன்னால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பிரஷ்களைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிப் போவதா? முப்பத்தேழு வயதாகிறது உனக்கு.

நீ போன பிறகு இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? இத்தனை வருடமாக நம் நர்சரியை ஏதோ சிமெண்டு கிடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் இப்போது நின்று பார்க்கிறார்கள். நீ வரைந்த சுவரில் மூக்குக்கண்ணாடி போட்ட சூரியன் 'வெயில் வேண்டும்' என்று சொல்கிறது. நத்தை தலையில் குடத்தை வைத்துக்கொண்டு 'தண்ணீர் அளவாக' என்கிறது. கள்ளிச்செடிப் பக்கம் விரலில் கட்டுப் போட்ட குரங்கு. அதைப் பார்த்துச் சிரிக்காமல் யாரும் உள்ளே வருவதில்லை.

ஆனால் வருகிற பத்துப் பேரில் நாலு பேர் அந்த ரோஜாவைக் கேட்கிறார்கள். நேற்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தார்.

"சிவப்பு இலையும் பச்சைப் பூவுமா ஒரு ரோஜாச் செடி வரைஞ்சிருக்கீங்களே, அதுல ஒரு தொட்டி குடும்மா."

"அது வெறும் படம்மா. அப்படி ஒரு செடி கிடையாது."

"மத்த படமெல்லாம் உள்ள செடியா இருக்கே. இது மட்டும் எப்படி இல்லாம போகும்? வேற யாருக்கோ எடுத்து வச்சிருக்கே, அதான் மறைக்கிறே."

விற்கிற செடியைத்தான் சுவரில் வரைய வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தானே.

கோபத்தில் கேட்கவில்லை, தம்பி. தெரிந்துகொள்ளாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும். ஏன் அப்படி வரைந்தாய்?

அண்ணி

ஜூன் 7

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபமெல்லாம் இல்லை. இங்கே அவசர வேலை, அதனால் கிளம்பினேன்.

ரோஜா ஒரு டிசைன். எல்லாம் யோசித்துத்தான் வரைந்தேன். ஒரே மாதிரி வரைந்தால் யார் நின்று பார்ப்பார்கள்? நாலு பேர் கேட்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது டிசைன் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்.

ஒரு முக்கியமான விஷயம். இங்கே ஒரு காண்ட்ராக்டர் இருக்கிறார். பெரிய தொழிற்சாலையில் பெயிண்ட் வேலை எடுத்திருக்கிறார். அவருக்கு நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். மாதச் சம்பளம், தங்க அறை. போர்டு எழுதிப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒன்று இனி வராது. "உன் வேலையைக் காட்டு" என்றார். நர்சரிச் சுவரைச் சொன்னேன். 28ஆம் தேதி அந்தப் பக்கம் வருகிறாராம், நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். அதுவரை சுவரில் யாரும் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என் பெயிண்ட் டப்பாக்களை அங்கே யாராவது தொட்டார்களா?

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

நிரந்தர வேலையா! வாயில் சர்க்கரை போட வேண்டும் உனக்கு. உன் அண்ணன் அதைக் கேட்டு இரண்டு தடவை மூக்கைச் சிந்தினார். அவர் அழுவது அப்படித்தான். "தம்பி ஒரு இடத்துல நிலையா உட்காரப்போறான்" என்று தண்ணீர் ஊற்ற வருகிற ஆள்வரை சொல்லியாகிவிட்டது.

டப்பாக்களைத் தொட்டார்களா என்று கேட்கிறாய். தொட்டதா? தேய்த்தே கழுவினேன்! அந்தச் செவ்வாய்க்கிழமை நீ குளிக்கப் போனபோது பார்த்தேன். எல்லாம் ஒரே அளவுப் பால்பவுடர் டப்பா, ஒவ்வொன்றின் மேலும் பெயிண்ட் வழிந்து, காய்ந்து, மூடியெல்லாம் ஆணியால் கீறி வைத்திருந்தது. என் கை சும்மா இருக்குமா? டர்பன்டைன் போட்டு வெளியே துடைத்து, மூடிகளைத் தனியாக ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, பழையபடி மூடி வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பாராட்டுக்காகச் செய்யவில்லை, இருந்தாலும்.

அந்த டிசைன் கதையை மட்டும் என்னால் முழுங்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயை மறைக்கிற அளவுக்கு உன்னிடம் சோறு இல்லை, தம்பி. செவ்வாய்க்கிழமை வரை நீ வரைந்த இலையெல்லாம் பச்சை. செம்பருத்தி சிவப்பு. புதன்கிழமை, நான் தொட்டிகளை இறக்கிவிட்டு வரப் போன நேரத்தில், அந்த ஒரு ரோஜா மட்டும் இப்படி. புதன்கிழமை உனக்கு என்னதான் ஆயிற்று?

அண்ணி

ஜூன் 14

அண்ணிக்கு,

யார் கேட்டார்கள் உங்களைக் கழுவச் சொல்லி?

மூடியில் இருந்த கீறல் அழுக்கு இல்லை, அடையாளம். ஒரு கீறல் சிவப்பு, இரண்டு பச்சை, மூன்று பழுப்பு. நீங்கள் மூடியை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதுவரை ஒருவரும் என் டப்பாவில் கை வைத்ததில்லை. அடுத்தவர் பொருளைத் தொடும் முன்னால் கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

28ஆம் தேதி காண்ட்ராக்டர் வருவார். டிசைன் என்று சொல்லுங்கள், போதும். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

கேட்காமல் கழுவியது தப்பு. மன்னித்துக்கொள்.

ஆனால் உன் கடிதத்தை ஆறு முறை படித்துவிட்டேன். மூடி மாறிவிட்டது, சரி. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரியாதா? பிரஷ்ஷை முக்கும்போது தெரியாதா? ஒரு பூ முழுக்கப் பச்சையாக வரைந்து முடித்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பாயே, அப்போதும் தெரியாதா?

இந்தக் கடிதத்தோடு இரண்டு நூல் வைத்திருக்கிறேன். தையல்காரம்மாவிடம் வாங்கியது. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்பை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அண்ணி

ஜூன் 20

அண்ணிக்கு,

இரண்டு நூலையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எது எது என்று எனக்குத் தெரியவில்லை.

கீழே டீக்கடைக்காரரிடம் கேட்டு, சரியானதை மட்டும் உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். நூலைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் இப்படித்தான் ஒவ்வொருவரிடமும் படியிறங்கிப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன், அண்ணி. "இந்தப் பச்சை கொஞ்சம் அதிகமாயிடுச்சோ?" என்பேன். அவர் "இல்லை, சிவப்பு சரியாத்தான் இருக்கு" என்பார். நானும் "ஆமா ஆமா, சிவப்பைத்தான் சொன்னேன்" என்பேன். வாய் தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீலம் தெரியும், மஞ்சள் நன்றாகவே தெரியும். சிவப்பும் பச்சையும் பழுப்பும் எனக்கு ஒரே குடும்பம். பள்ளிக்கூடத்தில் யானைக்குப் பச்சை அடித்தேன். வாத்தியார் வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். ஒரு வருடம் என் பெயர் பச்சையானை. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி யாருக்கும் தெரியக்கூடாது என்று. தொழிலுக்கு வந்த பிறகு எழுத்தில்தான் பேர் வாங்கினேன். மஞ்சளில் கறுப்பு, நீலத்தில் வெள்ளை. மற்ற நிறமெல்லாம் மூடிக் கீறலை நம்பித்தான் ஓடியது. அதனால்தான் அன்றைக்கு நீங்கள் சிரித்தபோது எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. அந்தச் சுவரை எவ்வளவு நேரம் பார்த்தும் என் கண்ணுக்கு அது அழகான ரோஜாவாகவே இருந்தது. மறுபடியும் பச்சையானை என்று மட்டும் தெரிந்தது. ஓடிவந்துவிட்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் எனக்கு வேலை குழாய்களுக்கு நிறம் அடிப்பது. சிவப்புக் குழாயில் தீயணைக்கிற தண்ணீர், பச்சையில் சாதாரணத் தண்ணீர், இப்படி. கம்பெனி டப்பாவில் பெயர் அச்சடித்தே வரும். சமாளித்துவிடுவேன்.

நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். 28ஆம் தேதிக்குள் ரோஜாவின் மேல் உங்கள் கையாலேயே சரியான நிறத்தை அடித்துவிடுங்கள். முடியாவிட்டால் டிசைன் என்றே சொல்லுங்கள். அண்ணனிடம்கூட இதைச் சொல்ல வேண்டாம். இந்த வேலை போனால் நான் எங்கே போவேன்?

தம்பி

ஜூன் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை உரமூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. பதினாலு வயதுப் பையனாக நீ இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தவள் நான். உனக்குக் காய்ச்சல் வந்தால் தொடாமலே சொல்வேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். இதைப் பார்க்கவில்லையே.

அண்ணனிடம் சொல்லவில்லை. வாய் நமநமக்கிறது, இருந்தாலும் சொல்லவில்லை.

இப்போது வேலை விஷயம். நீ பொய் சொல்லச் சொன்னால் சொல்வேன். உனக்காக எத்தனையோ பொய் சொன்னவள்தானே. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். தீப்பிடித்த நேரத்தில் ஒருத்தன் ஓடிவந்து சிவப்புக் குழாயைத் தேடுவான். அச்சடித்த டப்பா என்கிறாய். பாதித் தீர்ந்த இரண்டு டப்பாவை வேறு டப்பாவில் கொட்டி வைக்கிறவன் அங்கே இருக்க மாட்டானா? மூடி கழுவுகிற அண்ணி எல்லா ஊரிலும் உண்டு, தம்பி. இங்கே தப்பு நடந்தது, ஒரு பச்சை ரோஜாவோடு போயிற்று. நாலு பேர் விலை கேட்டார்கள், நான் சிரித்தேன். அங்கே நடந்தால் சிரிக்க ஆள் இருக்காது.

ரோஜாவை நான் தொட மாட்டேன். உன் சுவர். அவர் வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுது. நீ எழுதுவதை அப்படியே சொல்கிறேன். டிசைன் என்று எழுதினால் டிசைன். ஆனால் நீ எழுத வேண்டும், உன் கையால்.

28க்கு ஆறு நாள் இருக்கிறது.

அண்ணி

ஜூன் 25

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்ததும் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தேன், மனதுக்குள். அண்ணிக்கு என்ன, உட்கார்ந்த இடத்திலிருந்து நியாயம் பேசுவார் என்று.

நேற்று அந்தத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தேன். குழாய்கள் தலைக்குமேல் போகின்றன, வரிசை வரிசையாக. கீழே ஒரு பெண் உட்கார்ந்து இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இதுல சிவப்பு எதும்மா?" என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டிக் காட்டினாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

இன்று காலை காண்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, குழாய் வேலைக்கு நான் ஆகமாட்டேன் என்று. நாலு தாள் கிழித்து ஐந்தாவதில் முடித்தேன். அவர் ஊரில் இல்லை, மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஒருவேளை அங்கே வர மாட்டார். வந்தால் நீங்கள் ஒன்றும் மறைக்க வேண்டாம்.

அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.

தம்பி

ஜூன் 29

தம்பிக்கு,

வந்தார்! நேற்றுக் காலை பத்து மணிக்குக் காண்ட்ராக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. உன் கடிதத்தை ஆள்விட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

சுவர் முழுக்க நடந்து பார்த்தார். குரங்குக்கு முன்னால் நின்று சிரித்தார். பிறகு ரோஜா. அங்கே ரொம்ப நேரம் நின்றார்.

"இதுதானா அது?"

"ஆமாங்க. இதுல பாதித் தப்பு என்னோடது. நான்தான் டப்பா மூடியைக் கழுவி மாத்திப் போட்டேன்."

"இருபத்தஞ்சு வருஷமா ஆள் வச்சு வேலை வாங்கறேம்மா. வேலை தெரியாதவன்கூட எல்லாம் தெரியும்னுதான் சொல்லுவான். தெரியாதுன்னு எழுதிக் கொடுத்தவன் இவன் ஒருத்தன்தான்."

"அப்ப வேலை உண்டுங்களா?"

கேட்டுவிட்டேன். வெட்கமாவது ஒன்றாவது.

"குழாய் வேலை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. அது முடியாது. ஆனா இந்த எழுத்து..." என்று நீ எழுதிய நம் பெயர்ப் பலகையைத் தடவிப் பார்த்தார். "ஷெட்டு நம்பர், எச்சரிக்கை போர்டு எல்லாம் மஞ்சள்ல கறுப்புதான். நாலு மாச வேலை இருக்கு. அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

நிரந்தரம் இல்லை, தம்பி. மாதச் சம்பளமும் இல்லை. நல்ல வார்த்தை சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். நாலு மாதம் மட்டும்தான்.

அவர் போகும்போது அந்த ரோஜாவை அழிக்க வேண்டாம் என்று சொன்னார். ஏன் என்று கேட்டேன், தோளைக் குலுக்கினார். ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

அண்ணி

ஜூலை 4

அண்ணிக்கு,

வேலையில் சேர்ந்துவிட்டேன். முதல் நாளே காண்ட்ராக்டர் எல்லோர் முன்னாலும் "இவருக்குச் சிவப்பு, பச்சை தெரியாது, டப்பாவை யாராவது பார்த்து எடுத்துக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் "அப்ப டிராபிக் சிக்னல்ல என்ன பண்ணுவே?" என்று கேட்டார். மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன் என்றேன். அதோடு முடிந்தது. இருபது வருடம் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

இப்போது எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எதைப் பார்த்தாலும் கேட்கத் தோன்றுகிறது. இத்தனை நாள் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களிடம் கேட்கலாம்தானே?

காய்கறிக் கடையில் எல்லோரும் பழுத்த தக்காளியைத் தூரத்திலிருந்தே காட்டி எடுக்கச் சொல்கிறார்களே, அவ்வளவு வித்தியாசமா தெரிகிறது? நான் அழுத்திப் பார்த்துத் திட்டு வாங்குவேன். உங்கள் கல்யாணப் புடவை உண்மையில் என்ன நிறம்? வெட்கப்பட்டால் முகம் சிவக்கும் என்கிறார்களே, அது நிஜமாகவே கண்ணுக்குத் தெரியுமா, இல்லை சும்மா பேச்சுக்குச் சொல்வதா?

கடைசியாக ஒன்று. பதினெட்டு வயதில், முதல் முதலாகக் கையில் பிரஷ் பிடித்தபோது, நம் வீட்டு வாசல் கதவுக்குப் பச்சை அடித்தேன். அப்போது எனக்கு மூடிக் கீறல் எல்லாம் தெரியாது. அது சரியாக வந்ததா?

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

தக்காளி தெரியும். தெருமுனையிலிருந்தே தெரியும். எனக்கு இதுவரை அது ஒரு பெரிய விஷயமாகப் பட்டதே இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து கடைக்குப் போனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

கல்யாணப் புடவை அரக்கு. நல்ல கெட்டியான சிவப்பில் கொஞ்சம் கறுப்பு கலந்தால் எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல முயற்சி செய்தேன், முடியவில்லை. கனமாக இருக்கும், அவ்வளவுதான் சொல்ல வருகிறது.

முகம் சிவப்பது நிஜம். உன் முகமும் சிவக்கும். அன்றைக்கு நான் சிரித்தபோது காது நுனிவரை சிவந்தது. பார்த்தேன். பார்த்த பிறகும் சிரித்தேன். அதற்குத்தான் உன்னிடம் உண்மையான மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் கடிதத்தில் கேட்டது சும்மா.

கதவு பச்சை இல்லை, தம்பி. செங்கல் நிறம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பச்சை எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டாய். உன் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஆசையாகக் கேட்கிறானே, மனசு ஒடிந்துவிடுமே என்று, "அருமையான பச்சை" என்று சொல்லிவிட்டேன். ஏன் இப்படிக் கேட்கிறான் என்று ஒரு நொடி நின்று யோசித்திருந்தால், நீ இத்தனை வருடம் தனியாக மூடியைக் கீறிக்கொண்டிருக்க வேண்டாம். யோசிக்கவில்லை. நாளாவட்டத்தில் அப்படியே பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது "பச்சைக் கதவு வீடு" என்றுதான் இன்றுவரை சொல்கிறோம். பாதிப் பேர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். மூடி அடையாளம் பற்றி நீ எழுதியபோது, எழுந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். அதற்குப் பிறகுதான் நூல் வாங்கப் போனேன்.

நேற்று உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார். எல்லாம் சொல்லி முடித்து, "அந்தக் கதவுக்கு இப்பவாவது நிஜமான பச்சை அடிச்சுடலாமா?" என்று கேட்டேன்.

எழுந்து போய்க் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எதுக்கு? நம்ம கதவு பச்சைதானே" என்றார்.

அண்ணி